வைர ஊசிக்கு வைத்த பொட்டு

இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியைத் தாங்கியிருக்கும் சின்னப் பெட்டிக்கு கார்ட்ரிட்ஜ் என்று பெயர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே காந்தம், தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருள். வெளியே ஒரு குட்டித் தண்டு, அதன் நுனியில் வைரத் துணுக்கு. தண்டு ஒடிந்துபோன உயர்ந்த ரகக் கார்ட்ரிட்ஜ்களை வாங்கி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் புதுத் தண்டு பொருத்துவது என் பொழுதுபோக்கு. பகலில் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிறேன். மிச்ச நேரமெல்லாம் உத்திரமேரூர் வீட்டு மாடி அறையில் இதுதான். அவற்றின் விலையை வீட்டில் சொன்னதில்லை. வைரம் இருப்பதை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

"வைரமா? மூக்குத்தியில வெச்சா தெரியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"கண்ணுக்கே தெரியாதும்மா."

"அப்ப இன்னாத்துக்குடி அது வைரம்?"

போன வருஷம் முதல்முறையாக ஒரு வெளியாள் தன் கார்ட்ரிட்ஜை என்னிடம் கொடுத்தார். சென்னையில் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அதைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. கெட்டால் இன்னொன்று கிடைக்காது. அவர் போட்டது ஒரே நிபந்தனை: "தண்டை மாத்தும்மா. ஆனா பெட்டி மேல ஒரு சொட்டுப் பசைகூடப் படக் கூடாது. ஆயுதபூஜை முடிஞ்ச வாரம் நானே வந்து கேட்டுப் பாத்துட்டு எடுத்துக்கறேன்." என் கைவேலையை வேறொருவர் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப்போவது அதுதான் முதல் தடவை. தோற்கக் கூடாது என்று இருந்தேன்.

தண்டு அழகாக உட்கார்ந்தது. ஆனால் கச்சேரித் தட்டை ஓடவிட்டால், மிருதங்கத்தின் இடது பக்கம் ஒலிக்கும்போதெல்லாம் கூடவே ஒரு வண்டு 'ஙொய்' என்றது. மேஜை, வயர், திருகு, ஃபேன், மாடிப்படிக்குக் கீழே ஓடும் தண்ணி மோட்டார் என்று சந்தேகப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். வண்டு போகவில்லை. கார்ட்ரிட்ஜை ஊசி மேலே பார்க்கும்படி மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு, ஆயுதபூஜைக்குக் கோலம் போடக் கீழே போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், பூஜையில் வரிசையாக நைனாவின் டிராக்டர் சாவி, மருந்தடிக்கிற மிஷின், அரிவாள்கள், மிக்ஸி, என் சால்டரிங் அயர்ன், அம்மாவின் மூக்குத்தி. மூக்குத்திக்குப் பக்கத்தில், வெற்றிலைமேல், டாக்டரின் கார்ட்ரிட்ஜ். பெட்டியின் இரண்டு பக்கமும் சந்தனம், குங்குமம். ஊசிமுனையில் ஒரு சாமந்தி இதழ் குடை பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா! இதை யாரு எடுத்தது?"

"நான்தான். வைரம் கீற சாமான மாடியில வுட்டுட்டு அரிவாளுக்குப் பொட்டு வெச்சா லட்சுமி கோச்சிக்க மாட்டா?"

கையை நீட்டினேன். பட்டென்று ஒரு அடி விழுந்தது. "பூஜையில வெச்சத இன்னிக்கித் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டிட்டுதான் எடுக்கணும்."

"நம்மளுது இல்லம்மா, டாக்டருது."

"அப்ப புண்ணியம் அவருக்கும் சேத்துதான்."

நைனா ஓரமாக நின்றிருந்தார். "வுடும்மா. என் டிராக்டர் சாவியே உள்ள மாட்டிக்கினு கீது. நானே கழனிக்கு நடந்துதான் போவப்போறேன்."

காற்றில் அந்த இதழ் ஆடினால் தண்டு என்ன ஆகும் என்று நினைத்ததும் ஃபேனை நிறுத்தினேன். பெருநகர் கிராமத்திலிருந்து வந்த சித்தப்பா துண்டால் விசிறிக்கொண்டு, "இன்னா, கரண்ட் இல்லியா?" என்றார்.

"கரண்ட் கீது. காத்து அடிச்சா வைரம் பறந்துடுமாம்" என்றார் நைனா. சித்தப்பா மூக்குத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுண்டலோடு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் இடுக்கியால் இதழைத் தூக்கினேன். தண்டு நேராக இருந்தது. மனசு கேட்காமல் பொட்டோடு அப்படியே மாட்டி மிருதங்கத்தை ஓடவிட்டேன்.

வண்டைக் காணோம்.

மைக்ராஸ்கோப்பில் விஷயம் தெரிந்தது. பெட்டியின் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு முடியிழை இடைவெளி. அதுதான் அதிர்ந்திருக்கிறது. அம்மாவின் சந்தனம் அதற்குள் வழிந்து காய்ந்து இறுகியிருந்தது. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் முறைப்படி தண்ணீர் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தேன். வண்டு திரும்ப வந்தது. காகிதத் துண்டு செருகினேன், நழுவியது. மெழுகு வைத்தேன், மாடிச் சூட்டில் இளகியது. பசை கூடாது. டாக்டர் மறுநாள் வருகிறார்.

சாயங்காலம், வீட்டில் யாருமில்லை என்று நினைத்து, மெல்லிய தூரிகையோடு பூஜை அலமாரிக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டேன்.

"குளிச்சியா?" முதுகுக்குப் பின்னால் அம்மா.

"காலையிலேயே."

"தலைக்கா?"

தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். அதற்குள் அம்மா தெருவரைக்கும் கேட்கும்படி நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாத்தியா, நான் ஒண்ணும் சொல்லல, தானா வந்து பொட்டு வெக்குது!" இடைவெளியில் மட்டும், வெளியே தெரியாதபடி கொஞ்சம் என்பது என் திட்டம். வெறும் சந்தனத்தோடு விடக் கூடாது என்று அம்மா, முன்பக்கம் நட்டநடுவில், சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டை வைத்துவிட்டாள். அதை அழிக்கத் துணிவில்லை.

டாக்டர் வந்தார். பல் பார்க்கப் போடும் பூதக்கண்ணாடியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். முதலில் கேட்டார், ஒரு பக்கம் முழுக்க, கண்ணை மூடிக்கொண்டு. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தபடியே இருந்தார்.

'அதிர்வைத் தணிக்கும் இயற்கைப் பொருள்' என்று ஆரம்பிக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். மோரோடு வந்த அம்மா முந்திக்கொண்டாள். "சந்தனம்தாங்க. வூட்ல அரைச்சது."

"தண்ணி பட்டா போயிடுமா?" என்று என்னைக் கேட்டார்.

"போயிடும் டாக்டர்."

"அப்போ அது பசை இல்ல." மோரைக் குடித்தார். "நான் போட்ட நிபந்தனைப்படி சரியாத்தான் இருக்கு."

கிளம்பும்போது அம்மா அவர் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவர் அதை நசுக்கிக்கொண்டே காரை எடுத்தார்.

மார்கழியில் டாக்டர் போன் செய்தார். ஏசி அறையில் சந்தனம் வெடித்துவிட்டதாம், 'ஙொய்' கேட்கிறதாம். எந்தத் தூரிகை, எவ்வளவு ஈரம், எந்த இடம் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் சரிம்மா. அம்மாகிட்டக் குடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அம்மா, "மொதல்ல குளிச்சிடுங்க" என்றாள்.

டாக்டரின் குரல், ரொம்பப் பணிவாக: "தலைக்கா, மேலுக்குப் போதுமா?"