நான் ஓடாத சைக்கிள் ஓட்டம்

என் படத்தை நான் முதலில் பார்த்தது வட்ஸ்அப்பில். வேலையில் இடைவேளை நேரம், தேத்தண்ணியோடு போனைத் திறந்தால், நீல நிற நோட்டீஸ் ஒன்று நாலு குழுமங்களிலிருந்து வந்து கிடக்கிறது. நடுவில் சங்கத் தலைவர், கோட்டும் ரையும். அவரைச் சுற்றி வட்ட வட்டமாக ஆண்களின் தலைகள். எல்லாவற்றுக்கும் கீழே என் தலை. ஏதோ கலியாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். காதோரத்தில் பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் சேலைக் கரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே 'பனியை வென்ற வீராங்கனை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

என் கணவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம், ஊரில் அந்தப் பள்ளிக்கு ஒரு கட்டடம் கட்ட நிதி சேர்க்கிறதாம். அதற்காகப் பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இங்கே றிச்மண்ட் ஹில்லில் தொடங்கி, ஸ்ரௌவ்வில் என்ற ஊர் வழியாக விட்பி ஏரிக்கரை வரைக்கும் சைக்கிள் ஓட்டமாம். அதில் நானும் ஓடுகிறேன் என்பதை அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. முதலில் படத்தைப் போடுவார்கள், பிறகுதான் கேட்பார்கள். படம் வந்தபின் மாட்டேன் என்று சொன்னால், கேட்காமல் போட்டவரை ஒருவரும் குறை சொல்வதில்லை. மாட்டேன் என்றவருக்குத்தான் தலைக்கனம் என்று பேர் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுத் தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, கண்டனீரோ நோட்டீஸை? நல்லா வந்திருக்கு என்ன?" என்றார்.

"நான் ஓடுறன் எண்டு உங்களுக்கு ஆர் அண்ணை சொன்னது?"

"உம்மட அவர்தான். படமும் அவர்தான் அனுப்பினவர்."

அவரோடு வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு, இந்த ஐஸுக்குள் ஏன் ஓட்டம் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "கோடையில ஒரு சனி ஞாயிறும் வெறுமையா இல்லை, தங்கச்சி. கலியாணம், சாமத்தியவீடு, மற்றச் சங்கங்களின்ர டின்னர். ஒருத்தரும் வரமாட்டினம். அதோட, குளிருக்க ஓடினாத்தான் சனமும் பாவம் பாத்துக் காசு குடுக்கும்" என்றார். அதாவது, ரோட்டில் ஐஸ் இருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. மண்டபங்கள் வெறுமையாக இருக்கின்றனவா என்று பார்த்துத் திகதி வைத்திருக்கிறார்கள்.

என் கோபத்தின் வேர் அந்த நோட்டீஸ் அல்ல. நான் பல வருடங்களாகக் கோடை, குளிர் பாராமல் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். மார்க்கம் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வீட்டில் கார் இரண்டு நிற்கிறது, எனக்கு லைசன்ஸும் இருக்கிறது. ஒருமுறை என் கார் பழுதாகிக் கராஜில் கிடந்த நாட்களில் மகளின் பழைய சைக்கிளை எடுத்தேன். கார் திரும்பி வந்த பிறகும் நான் சைக்கிளை விடவில்லை. அந்த நேரத்தில் என்னை ஒருவரும் கூப்பிட முடியாது, ஒன்றும் கேட்க முடியாது. நாள் முழுவதிலும் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பிறகு குளிர்காலத்துக்கென்று சிறிய ஆணிகள் பதித்த ரயர் வாங்கிப் பூட்டினேன்.

அதற்கு எங்கள் சனம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கும். "அக்கா, கார் பழுதோ? ஏத்திக்கொண்டு போய் விடட்டோ?" கோயிலில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, வீட்டில் ஏதும் கஷ்டமா என்று இரகசியமாகக் கேட்டார். என் கணவர் எல்லாரையும் மிஞ்சிவிட்டார். "எங்கட ஆக்கள் போற கடைப்பக்கத்தால போகாதையும். என்னால உமக்கு ஒரு கார் தர ஏலாது எண்டெல்லே நினைப்பினம்" என்றார். கொஞ்ச நாள் நான் அதற்காகச் சுற்றியும் போனேன். இப்போது அதே மனிதர் என் தலையை வெட்டி நோட்டீஸுக்குக் கொடுத்திருக்கிறார்.

அன்று பின்னேரம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"கேட்டா நீர் மாட்டன் எண்டு சொல்லுவீர்."

"அப்ப ஏன் குடுத்தனீங்கள்?"

"நல்ல காரியம்தானே. நானும் ஓடுறன். நீர் ஓட நான் வீட்டில குந்தியிருந்தா சனம் என்ன சொல்லும்?" என்றார். வீட்டுக் கராஜில் புதுச் சைக்கிள் ஒன்று நின்றது. மெல்லிய ரயர், கோடையில் வழவழப்பான ரோட்டில் ஓடுவது. கூடவே உடம்போடு ஒட்டிய ஒரு கறுப்புக் காற்சட்டை. சைக்கிளில் ஏறிப் பல வருடங்களான மனிதர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

மகள் எங்களிருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, திஸ் இஸ் இன்சேன். உங்களுக்கு ஐஸில நடக்கவே தெரியாது" என்றாள். பிறகு என்னிடம், "அம்மா, ஜஸ்ட் சே நோ" என்றாள். சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இத்தனை குளிர்காலமும் தனியாக ஓடியிருக்கிறேன். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று கூட்டமாகப் பனிக்குள் ஓடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஸ்ரௌவ்வில் பக்கம் வயல்கள் வெள்ளையாகக் கிடக்க, இவரும் பக்கத்தில் ஓடி வருவார் என்பதில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. இவர் ஒரு தடவை, "இஞ்சாரும், ரெண்டுபேருமாப் போவமோ?" என்று கேட்டிருந்தால் அந்தக் கணமே ஓம் என்றிருப்பேன். ஆசைப்பட்ட ஒன்றைக் கேட்காமல் பிடுங்கிப் போஸ்டரில் ஒட்டினால் அதன் மேல் வெறுப்புத்தான் வருகிறது.

இன்னொன்றும் இருந்தது. நான் ஓம் என்றால் அந்த நோட்டீஸிலுள்ள தலைகள் எல்லாம் என்னை நம்பிப் புறப்படும். "அவவே ஓடுறா, எங்களுக்கு என்ன?" என்று இப்போதே குழுமத்தில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரிடம் மட்டும் ஆணி ரயர் இருந்தது. மற்றவர்கள் விழுவார்கள், அவர்களுக்குள் என் கணவரும் விழுவார். நான் மாட்டேன் என்றாலோ, வீராங்கனை பயந்துவிட்டாள் என்பார்கள். இவர் வீம்புக்குத் தனியாகப் போய் விழுவார். அந்தக் கிழமை முழுக்க ஒரு நாள் போவது என்றும், மறுநாள் போவதில்லை என்றும் முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடையில் ஒரு வாடிக்கையாளர்மீது காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை வானிலை அறிவிப்பு, விழுந்த இடத்திலேயே ஐஸாக உறைகிற மழை வரும் என்றது. தலைவருக்குப் போன் எடுத்து, ஒரு கிழமை தள்ளி வையுங்கள், ஆணி ரயர் வைத்தவர்களோடு நான் முன்னால் ஓடுகிறேன், மற்றவர்கள் வெயில் காலம் வந்தபின் ஓடட்டும் என்றேன். உண்மையாகவே ஓடத்தான் நினைத்தேன். "ஐயோ தங்கச்சி, விட்பியில மண்டபம் எடுத்தாச்சு. சாப்பாட்டுக்கு றோல்ஸும் பற்றிஸும் ஓடர் குடுத்தாச்சு. கமராக்காரரும் வாறார்" என்றார். ஐஸ் மழையைத் தள்ளி வைத்தாலும் றோல்ஸைத் தள்ளி வைக்க முடியாது போலிருந்தது.

ஞாயிறு காலை, நேரில் சொன்னாலாவது கேட்பார்கள் என்று என் கணவரோடு காரில் போனேன். பின்னால் இரண்டு சைக்கிளும் கட்டியிருந்தது. றிச்மண்ட் ஹில்லில் ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தரை கண்ணாடி போல மின்னியது. காரிலிருந்து இறங்கிய ஒருவர் சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நான் பேச வாயெடுப்பதற்குள், "முதல்ல வீடியோ, முதல்ல வீடியோ" என்று எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். என் தலையில் யாரோ ஹெல்மெட்டை வைத்தார்கள். தலைவர் கொடியை அசைத்தார், எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவரும் ஓர் அடிகூட ஓடவில்லை.

பிறகுதான் தலைவர் தன் திட்டத்தைச் சொன்னார். "ஐஸாத்தான் கிடக்கு. அதுக்கென்ன? சைக்கிள் எல்லாத்தையும் வான் வண்டியில ஏத்துவம். விட்பி ஏரிக்கரைக்குக் கிட்ட இறங்கி, கடைசி ரெண்டு தெருவை மட்டும் மெல்லமா ஓடி வருவம். அங்க ஐஸ் கரைய உப்புப் போட்டிருக்காம். கமராவும் அங்கதான் நிக்கும்."

"அப்ப ஓடேல்லை எண்டு சொல்லுவியளோ?" என்று கேட்டேன்.

"அதை ஏன் சொல்ல வேணும், தங்கச்சி?"

நான் கத்தினேன். அந்தப் பார்க்கிங் முழுவதும் கேட்கும்படி கத்தினேன். ஓடுவதென்றால் ஓடுங்கள், ஏலாதென்றால் ஏலாதென்று சொல்லுங்கள், குளிருக்குள் ஓடுகிறோம் என்று சனத்திடம் கை நீட்டிவிட்டு வானுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் என் கையைப் பிடித்து, "சும்மா இரும், ஆக்கள் பாக்கினம்" என்றார். பிறகு தன் புதுச் சைக்கிளைத் தூக்கி வானில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். நான் பக்கத்துக் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டேன்.

வீடியோ அன்றிரவே எல்லா இடமும் பரவியது. கொடியசைப்பில் நான் நிற்கிறேன். அடுத்த காட்சியில் விட்பி ஏரிக்கரை, கைதட்டல், கழுத்தில் மாலை. இடையில் யாரோ எங்கோ எடுத்த பனி வயல்களை ஒட்டியிருந்தார்கள். மருந்துக்கடைக்கு வந்தவர்களெல்லாம் வாழ்த்தினார்கள். நான் ஓடவில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். "உங்களுக்கு எவ்வளவு அடக்கம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கார்க் கண்ணாடியை இறக்கி என்மேல் பரிதாபப்பட்ட அதே சனம்தான்.

அடுத்த மாதம் தெரிந்தவர்களின் மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்பு விழா. என் பக்கத்து நாற்காலியில் என் கணவர் இருந்தார், பலர் வந்து அவரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அப்போது நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண் எங்கள் மேசைக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது.

"அக்கா, உங்களோட கதைக்க வேணும் எண்டு கன நாளா ஆசை. நான் ஸ்ரௌவ்வில்லில இருக்கிறன்" என்றாள். "உங்கட வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாத்தனான். அவ்வளவு ஐஸுக்க ஒருத்தரும் விழேல்லை. அதுதான் எனக்கும் ஒரு துணிவு வந்திட்டுது. மகன்ர சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டன். எங்கட தெரு முடியிறதுக்குள்ளயே விழுந்திட்டன்." கட்டுப்போட்ட கையைச் சற்றே தூக்கிக் காட்டி, கூச்சத்தோடு சிரித்தாள். "நீங்களெல்லாம் விட்பி மட்டும் ஓடியிருக்கிறியள். எனக்கு ஒரு தெருவே ஏலாமப் போச்சு. பிழை என்னிலதான்."

இவரின் பக்கம் திரும்பினேன். "இந்தப் பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"எப்பிடிப் போனனீங்கள் எண்டு."

"உதை இப்ப ஏன்..." என்றார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் மேடையைப் பார்த்தார், தன் கோப்பையைப் பார்த்தார், கடைசியில் அவளின் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார். "நாங்கள் வானில போனனாங்கள், தங்கச்சி. கடைசி ரெண்டு தெருதான் ஓடினது. இவ ஓடவேயில்லை."

அவள் பகிடி என்று நினைத்து முதலில் சிரித்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. "அப்ப நான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். இடது கையால் சால்வையை இழுத்துக் கட்டுப்போட்ட கையை மூடிக்கொண்டாள்.

இவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அவள் சால்வையைப் பிடித்தபடியே தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.