டமார் என்றது போல்ட்டு

சித்தியை ஊருக்கு அழைத்துப் போகத்தான் தாத்தா திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்திருந்தார். இரும்போடு மல்லுக்கட்டுவது பெண்பிள்ளைக்கு ஒரு வேலையா என்பது அவர் கட்சி. சித்திக்கோ வேலையை விட மனமில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தங்கி, ஓர் ஆய்வுக்கூடத்தில் என்ஜினியராக இருந்தாள்.

"ஒருதரம் வந்து பாருங்கப்பா. அப்புறம் சொல்லுங்க" என்றாள். தாத்தா வேட்டிக்கு மேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கே இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, போல்ட்டுகளால் முடுக்கி, ஒரு பெரிய எந்திரத்தில் மாட்டியிருந்தார்கள். அது தகடுகளை ஆளுக்கொரு பக்கமாக இழுக்கும். போல்ட்டுகள் எவ்வளவு தாங்குகின்றன என்று பார்ப்பதுதான் சித்தியின் வேலை. எந்திரம் ஓடியது. திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம்.

தாத்தா துள்ளி எழுந்தார். "ஒடஞ்சிட்டுல்லா! நிறுத்துலே!" என்று கையை உயர்த்தினார். எந்திரத்தை ஓட்டிய இந்திக்காரரை எல்லோரும் 'பையா' என்பார்கள்; அவருக்குத் தமிழ் தெரியாது. தாத்தாவின் அதட்டலுக்கு மொழி தேவையுமில்லை. பையாவின் கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

"ரோக்னா மத், பையா!" என்று, நிறுத்த வேண்டாமென இந்தியில் கத்திவிட்டு, சித்தி தாத்தா பக்கம் திரும்பினாள். "ஒடையலப்பா. போல்ட்டவிட ஓட்டை கொஞ்சம் பெருசு. தகடு நழுவி இப்பத்தான் போல்ட்டுல முட்டுது. இனிமதான் அது தாங்கவே ஆரம்பிக்கும்."

சொன்னபடியே வெகுநேரம் தாங்கியது. கழற்றிப் பார்த்தபோது ஓட்டைகள் முட்டை வடிவில் நீண்டிருந்தன. போல்ட்டுகள் இடுப்பில் நெளிந்திருந்தன.

"முதல்ல முட்டுனது கொஞ்சம் நெளிஞ்சு குடுக்கும்ப்பா. அதுக்குள்ள மத்ததும் வந்து தோள் குடுத்துரும். வெறைச்சிக்கிட்டு நின்னாத்தான் ஒடையும்."

தாத்தா வீடு வரும்வரை கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே வந்தார். அவருக்குக் குளிர் என்று நான் முடிவுகட்டினேன்.

ஊருக்குப் போகிற அன்று தாத்தா மட்டும் ரயில் ஏறினார். சித்திக்கென்று எடுத்திருந்த பெர்த்தில் தன் பையை வைத்தார். ஜன்னல் வழியே, "நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு வாங்கிக்கோட்டி" என்றார்.

ரயில் நகர்ந்ததும் சித்தி அழுதுவிட்டாள். ஊருக்குப் போகக் கிடைக்கவில்லையே என்று அழுகிறாளாக்கும் என நினைத்து, எனக்குப் பாவமாகிவிட்டது. அவள் கையைப் பிடித்துத் தேற்றினேன்.

"அழாதீங்க சித்தி. அடுத்த லீவுக்கு அப்பா உங்களுக்கும் டிக்கெட் எடுத்துருவாங்க."

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். அழுதபடியே அவள் ஏன் சிரிக்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.