குரல் ஃபோல்டரின் பாதை

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொண்டவளை எல்லாரும் அடம் அக்கா என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். காதில் விழுந்ததும் அவளே அதை ஏற்றுக்கொண்டாள். கல்யாணமான புதிதில் வேலையை விடச் சொன்ன மாமியாரிடம், “அத்தை, அது மட்டும் கேக்காதீங்க” என்று சிரித்துவிட்டு மறுநாளும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்.

அது தொண்டை நோய்களுக்கான மருத்துவமனை. குரல்வளையை எடுக்கவேண்டிய நோயாளிகள் அறுவைக்கு முன்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து தங்கள் குரலைப் பதிந்துவிட்டுப் போவார்கள். பிள்ளையைக் கூப்பிடும் விதம், செல்லத் திட்டு, சிரிப்பு, எல்லாம் சர்வரில் ‘குரல்’ என்ற ஃபோல்டரில் இருந்தன. எந்த ஃபோல்டரை நகலெடுக்க வேண்டும், நகலை எங்கே வைக்க வேண்டும் என்று பேக்கப் மென்பொருளில் பாதை எழுதுவது அடம் அக்காவின் வேலை. இங்கே தீப்பிடித்தாலும் அங்கே பிழைக்கட்டும் என்று, குரலின் நகல் எதிர்க் கட்டடத்துக் கணினிக்குப் போகும்படி எழுதியிருந்தாள்.

அந்தக் கணினியில் இடம் நிரம்பிக்கொண்டு வந்தது. புதிதாக வந்த நிர்வாகி கூப்பிட்டனுப்பினார்.

“பழைய குரலை வச்சு என்னம்மா பண்ணப் போறோம்? அந்த நகலையும் பாதையையும் எடுத்துடுங்க.”

“மாட்டேன் சார்.”

“ஒரிஜினல்தான் இருக்கே!”

“அது போச்சுன்னா? அவங்களை மறுபடி உட்கார வச்சுப் பேசச் சொல்ல முடியுமா?”

அவர் முகம் கடுகடுத்தது. அன்று சாயங்காலமே தன் கையால் நகலையும் பாதையையும் அழித்தார். காலையில் வந்ததும் அவள் திரும்ப எழுதினாள். எழுதிவிட்டதாக அவருக்கு ஃபோன் போட்டும் சொன்னாள். ஒளித்துச் செய்வது அவளுக்கு ஆகாது. அவர் அழிக்க, இவள் எழுத, ஒரு வாரம் இழுபறியாக ஓடியது. கடைசியில் அவளுடைய அனுமதியையே பிடுங்கிவிட்டார். இனி மென்பொருளைத் திறந்து பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது.

“வேலையே போயிட்டா என்ன பண்ணுவே?” என்று வீட்டில் கணவன் கேட்டான்.

“வேற தேடுவேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்.”

“அவகிட்ட போய்க் கேக்கறியேடா, இத்தனை வருஷமா நான் படறது போதாதா?” என்றாள் மாமியார் உள்ளேயிருந்து. அந்த அலுப்பில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது.

பிறகு ஒருநாள், முன்பு அங்கே குரலைப் பதிந்துவிட்டுப் போன மீன் ஏலக்காரர் ஒருவர் வந்தார். மீன் சந்தையையே கிடுகிடுக்க வைத்த குரல்; இப்போது கழுத்தில் துளை, கையில் ஸ்லேட்டு. ‘என் குரல் பத்திரமா இருக்கா?’ என்று எழுதிக் காட்டினார். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திரையைத் திருப்பினாள்.

“சர்வர்ல இருக்கு அண்ணே. ஆனா நகலையும், நகல் எடுக்கற பாதையையும் அழிச்சுட்டாங்க. சர்வர் கெட்டா உங்க குரலும் போச்சு.”

ஏலக்காரர் சும்மா இருப்பாரா? அடுத்த வாரமே தன்னைப்போல் குரல் இழந்தவர்களைத் திரட்டிக்கொண்டு நிர்வாகியின் அறைக்குள் போய் நின்றார். கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டு அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். துளைகளின் வழியே மூச்சு போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்ன வேணும்? யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!” என்றார் நிர்வாகி. சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது.

ஏலக்காரர் மேசையில் ஓங்கித் தட்டினார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவது தரத்துக்குக் கை எழுந்தபோது நிர்வாகி ஃபோனை எடுத்து அடம் அக்காவை வரச் சொன்னார்.

அனுமதி திரும்பக் கிடைத்தது. அவர்கள் முன்னாலேயே பாதையை எழுதி, பேக்கப்பை ஓடவிட்டு, நகலிலிருந்து ஒரு பதிவை எடுத்துப் போட்டாள். “யாருய்யா அது பின்னால? கை தூக்கறதுன்னா முழுசா தூக்கு!” என்று அறை அதிர்ந்தது. ஏலக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்த வருஷம் அவளுக்குப் பதவி உயர்வு இல்லை. நோயாளிகளைத் தூண்டிவிட்டாயா என்று மேலிடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன். நாளைக்குக் கேட்டாலும் சொல்வேன்” என்றாள். வந்த கையோடு எதிர்க் கட்டடத்துக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும் என்றும் கேட்டாள். முடியாது என்றார்கள்.

மறுவாரம் போய் மறுபடியும் கேட்டாள்.