கலர் பிலிம்ல பாத்த கிரகணம்

எங்க அண்ணன் அற்புதசாமியை நேர்ல "நீங்க, வாங்க"ன்னுதான் கூப்பிடுவேன். பதினோரு வயசு மூத்தவன், சோறு போடுறவன். ஆனா இங்கே அவன் இவன்னுதான் சொல்லப் போறேன். யாருக்குக் கசந்தாலும் கசக்கட்டும்.

பாலக்கரையில மாதா கோயிலுக்குப் பின்னாடித் தெருவுல அவனோட அற்புதம் ஸ்டுடியோ. முன் ரூம்ல நாற்காலி, திரை, ரெண்டு லைட்டு. பின்னாடி டார்க் ரூம். அதை ஒட்டி ஜன்னலோரம் எனக்கு ஒரு மேஜை. நான் சகாயம்மாள், டச்சிங் வேலை பாத்தவ. நெகட்டிவைக் கண்ணாடி மேல வச்சு, கீழேருந்து வெளிச்சம் விட்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால முகத்துல இருக்கிற பரு, தழும்பு, அம்மை வடு எல்லாத்தையும் மூடணும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புற போட்டோன்னா, பொண்ணோட அம்மா என் மேஜைகிட்ட வந்து ரகசியமா கெஞ்சுவா. "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கம்மா"ம்பா. பண்ணிக் குடுப்பேன். திருச்சியில என் பென்சிலால கல்யாணம் ஆன பொண்ணுங்க எத்தனையோ பேரு. எனக்குத்தான் ஆகலை, அது வேற கதை.

அண்ணனுக்குக் கல்யாணப் போட்டோவுல மனசே ஒட்டலை. அவனுக்கு வானம்தான். மலைக்கோட்டை மேல மின்னல் வெட்டுதுன்னா, கடையில உக்காந்திருக்கிற ஆளை அப்படியே விட்டுட்டுக் குடையும் கேமராவுமா மாடிக்கு ஓடுவான். நிலாவைச் சுத்தி வட்டமா கோட்டை கட்டியிருந்தா அன்னைக்கு அவன் சாப்பிட மாட்டான். எழுபத்தேழுல காவேரி ஊருக்குள்ள வந்தப்போ, ஜனங்க பாயைத் தலையில சுமந்துக்கிட்டு ஓட, இவன் ஒரு வீட்டு மொட்டை மாடியில நின்னு தண்ணி ஏறுற அளவை மணிக்கு ஒரு படமா எடுத்தான். எல்லாத்தையும் கடை வாசல் கண்ணாடிக்குள்ள ஒட்டி, கீழே அட்டையில எழுதி வைப்பான். "மின்னல் முதலில் தெரிவது ஏன்? இடி பிறகு கேட்பது ஏன்?" நின்னு படிக்கிறவங்ககிட்ட வெளியில வந்து விளக்கமும் சொல்லுவான். சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே சொல்லுவான். பி.யு.சி.யை முடிக்காம பாதியில வெளியே வந்தவனாச்சே, யாராவது "சார்"னு கூப்பிட்டா அவனுக்கு உச்சி குளுந்துடும்.

அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியணும்னா பவுனம்மா கதையைச் சொல்லணும். எழுபத்தெட்டு சித்திரையில லால்குடி பக்கம் ஒரு வயல்ல பனைமரத்துல இடி விழுந்துச்சு. மரத்தடியில நின்ன பவுனம்மாவோட புருஷனும் போயிட்டான். மூணாம் நாள் நாங்க போனோம். கேமரா ஸ்டாண்டு தூக்க என்னையும் இழுத்துக்கிட்டுப் போனான். மரம் உச்சியிலேருந்து அடி வரைக்கும் கரிஞ்சு பிளந்து கிடந்துச்சு. அதை நாலு பக்கமும் எடுத்துட்டு, குடிசை வாசல்ல கிடந்த அந்தப் பொம்பளையைக் கூப்பிட்டான். "மரத்துப் பக்கத்துல வந்து நில்லும்மா, உயரம் தெரியணும்"னான். அவ என்னமோ சர்க்கார்ல குடுக்கத்தான் போட்டோ எடுக்கிறாங்கன்னு நினைச்சுட்டா. "இதைக் கலெக்டர் ஆபீஸ்ல குடுப்பீங்களா சாமி?"ன்னு கேட்டா. இவன் "ம்ம்"னான். வாயில வந்தது அவ்வளவுதான்.

அந்த நெகட்டிவ் என் மேஜைக்கு வந்துச்சு. "கண்ணீர்க் கோடு பளபளன்னு அடிக்குது, கவனம் மரத்து மேல போகாது, எடுத்துடு"ன்னான். நான் எடுத்தேன். பருவை மூடுற மாதிரிதான் அதையும் மூடினேன். கடை வாசல்ல படம் வந்தப்போ கீழே எழுதியிருந்தான்: "மின்னல் தாக்கிய பனை. அளவு ஒப்பீட்டுக்கு ஒரு பெண்." அந்தப் பொம்பளை ரெண்டு தடவை கடைக்கு வந்து கலெக்டர் ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டுப் போனா. ரெண்டு தடவையும் நான்தான் "அண்ணன் வெளியூர் போயிருக்காங்க"ன்னேன். அவன் உள்ளே டார்க் ரூம்ல இருந்தான்.

அப்புறம் எண்பது பிப்ரவரி வந்துச்சு. சூரிய கிரகணம். நம்ம ஊர்ல முழுசா இல்லை, முக்காலுக்கு மேல மறையும்னாங்க. ரேடியோவுல நாள் பூரா பாக்காதே பாக்காதேன்னு ஒரே எச்சரிக்கை. அண்ணனுக்கு ஒரு மாசமா தூக்கமில்லை. பேட்ரிசியான்னு ஒரு ஸ்கூல் டீச்சர், எங்க கோயில் பங்குதான், அவங்க பள்ளிக்கூடத்துல இவனைப் பேச வச்சாங்க. வெளிச்சம் பட்டு வீணாப்போன பிளாக் அண்ட் ஒயிட் பிலிமைக் கழுவினா கரிக்கட்டையா வரும். அதை ரெண்டா மடிச்சு, துண்டு துண்டா வெட்டிப் பிள்ளைகளுக்குக் குடுத்தான். "பயப்படாதீங்க, இது வழியா பாருங்க"ன்னான். அந்தப் பிள்ளைங்க ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகலை. அதையும் சொல்லிடணும்.

கிரகணத்தன்னைக்கு சனிக்கிழமை. ரெண்டு மணிக்கெல்லாம் தெருவுல ஒரு நாய் கிடையாது. பஸ் கிடையாது. எல்லா வீட்டுலயும் ஜன்னல் சாத்தியாச்சு. ஸ்டுடியோ மொட்டை மாடியில நாங்க ரெண்டு பேருதான். அவன் கேமரா முன்னாடி கறுப்புக் கண்ணாடி மாட்டி வச்சிருந்தான். எனக்குப் பிலிம் துண்டு இல்லை. எல்லாம் ஸ்கூல் பிள்ளைகளுக்குப் போயிடுச்சு.

கீழே போய் ஒரு சுருளை எடுத்துட்டு வந்தான். அது கலர் பிலிம். அரியமங்கலத்துல ஒரு கல்யாணத்துக்கு நாங்க முதல் முதலா எடுத்த கலர். பாதியில கேமரா மூடி திறந்து, மெட்ராஸ் போய்க் கழுவி வந்தப்போ சுருள் பூரா கறுப்பு. பொண்ணு வீட்டுக்காரங்க அவனைக் கிழி கிழின்னு கிழிச்சாங்க. அதைத் தூக்கிப் போட மனசில்லாம வச்சிருந்தான். நீளமா வெட்டி, ரெண்டா மடிச்சு, என் கையில குடுத்துட்டுச் சிரிச்சான்.

"பிளாக் அண்ட் ஒயிட்டு ஊரானுக்கு. என் தங்கச்சிக்குக் கலர்" என்றான்.

எனக்கு ஒரே பூரிப்பு. கலர்னா அப்போ அவ்வளவு ஒசத்தி. பைத்தியக்காரி நான்.

"சூரியன்ல நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பொட்டு இருக்கும் பாரு. நிலா வந்து அதைத் தொடுறப்போ சொல்லு, நேரம் குறிக்கணும். உன் கண்ணுக்குத்தான் தெரியும்"னான். தெரிஞ்சுது. ஆரஞ்சு மிட்டாய் மேல எறும்பு ஒட்டின மாதிரி. கண்ணை எடுக்காம பாத்தேன். எடுத்தா பொட்டு தவறிடுமேன்னு இமைக்கக்கூட யோசிச்சேன். வலியே இல்லை. சூடு இல்லை. "தொட்டுடுச்சுண்ணே!"ன்னு நான் கத்த, அவன் "சபாஷ்டி!"ன்னு கேமராவைத் தட்ட, அந்த மாதிரி சந்தோஷமா நாங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி இருந்ததில்லை.

மறுநாள் பூசைக்குப் போனப்போ மாதா சுரூபத்துக்கு முகம் இல்லை. கண்ணைக் கசக்கிப் பாத்தேன். திங்கக்கிழமை மேஜையில உக்காந்தேன். நெகட்டிவ்ல ஒரு பொண்ணு. மூக்கு இருக்கிற இடத்துல சாம்பல் வட்டம். கொஞ்சம் தள்ளிப் பாத்தா மூக்கு வருது, கண்ணு போயிடுது. கண்ணைப் பாத்தா வாய் போயிடுது. ஓரத்துல இருக்கிற ஜன்னல், கதவு, மேஜை எல்லாம் நல்லாத் தெரியுது. எதை நேராப் பாக்கிறேனோ அது மட்டும் இல்லை. சேசு மரி சூசை! பென்சிலைக் கீழே வச்சவதான்.

தில்லை நகர்ல அப்துல் சுக்கூர்னு கண் டாக்டர். சொட்டு மருந்து விட்டு, லைட் அடிச்சுப் பாத்தார். "எதை வச்சும்மா பாத்தீங்க?"ன்னார்.

"பிலிம் வச்சுத்தாங்க பாத்தேன்."

"எந்த பிலிம்? இருக்கா?"

அண்ணன் பையிலதான் இருந்துச்சு. என்னை வெளியில பெஞ்சுல உக்கார வச்சுட்டு அவன் மட்டும் உள்ளே போனான். மருந்து விட்ட கண்ணோட ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். வந்தவன், "நடுவுல வெந்துடுச்சாம், மருந்து கிடையாதாம்"னான். கொஞ்ச தூரம் நடந்ததும் சொன்னான். "பிலிம் வழியா பாத்திருந்தா இப்படி ஆகாதாம் சகாயம். நடுவுல நீ எடுத்துட்டு வெறுங்கண்ணால பாத்திருக்கே."

"இல்லைண்ணே! எடுக்கவே இல்லைண்ணே!"

"உனக்கே தெரிஞ்சிருக்காது. டாக்டர் பொய்யா சொல்றார்?"

நம்பிட்டேன். எப்படி நம்பாம இருப்பேன், ஊருக்கே வானத்தை விளக்கிச் சொல்றவனாச்சே. எடுத்திருப்பேன்போலன்னு நானே யோசிச்சு யோசிச்சு, எடுத்த மாதிரியே ஒரு ஞாபகமும் வந்துடுச்சு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "சாமி, நான் அண்ணன் சொல்லைக் கேக்கலை, அதனால கண்ணை இழந்தேன்"னு சொல்லி, அபராதமா அஞ்சு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு வந்தேன். பண்ணாத பாவத்துக்கு மன்னிப்பும் வாங்கியாச்சு.

அந்தக் கிரகணப் படங்களுக்கு ஒரு கண்காட்சியில பரிசு கிடைச்சுது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா கூப்பிட்டாங்க. இப்போ அவன் அற்புதசாமி சார். போற இடத்துக்கெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போனான். படமெல்லாம் காட்டி முடிச்சதும், "இதோ என் கூடப்பிறந்த தங்கச்சி. படிச்சுப் படிச்சு சொன்னேன், வெறுங்கண்ணால பாத்துட்டா. எழுந்திரு சகாயம்"பான். எழுந்திரிப்பேன். "என் முகம் தெரியுதா?"ம்பான். "தெரியலைங்கண்ணே"ம்பேன். பிள்ளைங்க "ச்சோ"ன்னு சொல்லும். அப்புறம் கைதட்டல். எதுக்குத் தட்டுறாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. என் மேஜையில வேற ஆளு உக்காந்தாச்சு. நான் தட்டு கழுவினேன், சமைச்சேன். எதையாவது தட்டி விட்டா, "கண்ணு இல்லையாடி?"ன்னு வாய் தவறிக் கேப்பான். தவறித்தான் கேக்கிறான்னு எட்டு வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

எண்பத்தெட்டு மார்ச்சுல இன்னொரு கிரகணம். சூரியன் உதிக்கிறப்போவே ஓரம் கடிச்சபடி வரும்னாங்க. காவேரிப் பாலத்துல கிழக்கே பாத்து நின்னா ஆத்துக்கு மேல தெரியும்னு கூட்டத்தையே கூட்டிட்டான். பேட்ரிசியா டீச்சரும் வந்திருந்தாங்க. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்னேன். எனக்கு என்ன கிரகணம்.

திடீர்னு அண்ணன் அலறினான். "டீச்சர்! அதைக் கீழே போடுங்க!"

"என்ன சார், பிலிம்தானே? வீட்டுல இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்"ன்னாங்க டீச்சர்.

"அது கலர் பிலிம்! பிளாக் அண்ட் ஒயிட்ல கறுப்புங்கிறது வெள்ளித் தூள், அது தடுக்கும். கலரைக் கழுவும்போது வெள்ளி போயிடும், வெறும் சாயம்தான் நிக்கும். பாக்கக் கறுப்பா இருக்கும், சூடு அப்படியே உள்ளே போகும். வலிக்கவே வலிக்காது. உள்ளே வெந்துடும்."

"அடேங்கப்பா! இதெல்லாம் எங்கே சார் படிச்சீங்க?"

"படிக்கிறதாவது. கண் டாக்டர் சுக்கூர் எனக்கு எண்பதுலேயே சொல்லிட்டார்" என்றான் பெருமையா.

நான் திரும்பினேன்.

"எண்பதுலயாண்ணே? எண்பதுல எப்போ? நான் வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தேனே, அப்போவா?"

அவன் முகம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்போ அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லியிருப்பேன்.

"நீங்க எனக்குக் குடுத்தது கலர்தானேண்ணே? நான் எடுக்கவே இல்லை, இல்லையா? சொல்லுங்கண்ணே! இவங்க எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க!" பாலமே கேக்கக் கத்தினேன். எட்டு வருஷமா மேடையில நின்னேனே, அந்த ஒவ்வொரு தடவைக்கும் சேத்துக் கத்தினேன்.

பள்ளிக்கூடத்துல பேசுற அந்த நல்ல குரல்ல அண்ணன் கூட்டத்தைப் பாத்துச் சொன்னான். "தப்பா நினைக்காதீங்க. கண்ணு போனதிலேருந்து பாவம், மனசும் சரியில்லை. யாரையாவது குத்தம் சொன்னாத்தான் அவளுக்கு ஆறும்."

டீச்சர் வந்து என் தோளைத் தொட்டாங்க. "அப்படிச் சொல்லாதீங்க சகாயம். தான் கல்யாணம்கூட பண்ணிக்காம உங்களை வச்சுக் காப்பாத்துற அண்ணன். இந்தக் காலத்துல யாரு செய்வா?" நல்ல மனுஷி. நிசமாவே எனக்காக அழுதாங்க.

சூரியன் வந்துடுச்சு போலிருக்கு, எல்லாரும் "ஆஹா"ன்னாங்க. அவன் விளக்க ஆரம்பிச்சுட்டான். நடுவுல என்கிட்ட வந்து, யாருக்கும் கேக்காம, "உண்மை தெரிஞ்சு என்னடி ஆகப்போவுது, கண்ணு வந்துடுமா?"ன்னு கேட்டுட்டுப் போனான்.

நான் கூட்டத்தை விட்டு விலகி மாம்பழச்சாலைப் பக்கமா தனியா நடந்தேன். இனி அந்தப் பாலக்கரை வீட்டு வாசல் மிதிக்கிறதில்லைன்னு சத்தியம் பண்ணிக்கிட்டேன். அரியமங்கலத்துல ஒரு சித்தி மக இருக்கா, அங்கே போயிடலாம். ஸ்டாப்புல நின்னேன். ஒரு பஸ் வந்துச்சு, நெத்தியில நம்பர் இருக்கிற இடத்துல சாம்பல் வட்டம். போயிடுச்சு. இன்னொண்ணு வந்துச்சு. பக்கத்துல நின்ன ஆளு அதுல ஏறிட்டான், கேக்கிறதுக்குள்ள அதுவும் போயிடுச்சு. நாலு பஸ்ஸு போச்சு. வெயில் ஏறிச்சு. கிரகணம் முடிஞ்சு அண்ணன் ஸ்டாண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, என் பக்கத்துல நின்னான். அஞ்சாவது பஸ் வந்து நின்னப்போ, "இது எங்கேண்ணே போவுது?"ன்னு அவனைத்தான் கேட்டேன்.

"பாலக்கரை" என்றான். ஏறினேன்.