மெம்பர் தங்கச்சிக்கு மேடை இல்லை

ஆரோக்கியசெல்விக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜங்லிகாட்டில் மீன் விற்கிற பெண்களில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து, காய்ச்சலுக்குப் புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன செய்யும்? வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற ஊர். கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாலையோரச் சேற்றில் உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு பிடித்துவிட்டது. அவள் ஆசைப்பட்டதெல்லாம் தலைக்கு மேலே ஒரு தகரம், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அவளுடைய அண்ணன் சிலுவைராஜ் முனிசிபல் போர்டு தேர்தலில் ஜெயித்து மெம்பரானான். ஆனபிறகும் விடியுமுன் படகேறுவதை அவன் விடவில்லை. யாராவது “மெம்பர் சாப்” என்று கும்பிட்டால், “சாப் எல்லாம் ஆபீஸ்ல இருக்காவ. நான் சிலுவை. சும்மா நிக்காம வந்து வலையப் பிடி” என்பான். அந்த மனுஷன்தான் நடையாய் நடந்து, போர்டில் சண்டை பிடித்து, மீன்காரப் பெண்களுக்கு ஒரு தகரக் கொட்டகை வாங்கி வந்தான். உள்ளே ஆறே ஆறு சிமெண்டு மேடை. கேட்டு நின்றவர்களோ இருபது பேருக்கு மேல். திருவுளச்சீட்டுப் போடுவதென்று முடிவாயிற்று.

முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான்.

“தங்கச்சி, ஒன் பேரைச் சீட்டுல போடல.”

“எதுக்குண்ணே? நானும் மழையிலதான கெடக்கேன்? மேடையத் தூக்கிக் குடுன்னா கேட்டேன்? மத்தவ பேரோட என் பேரையும் போடுன்னுதான சொல்லுதேன். ஒனக்குத் தங்கச்சியாப் பொறந்தது ஒரு குத்தமா?”

“சீட்டுல ஒனக்கு நெசமாவே வந்தாலும் ஊரு நம்பாது. பொறவு மத்த அஞ்சு மேடையும் கள்ள மேடைன்னு ஆயிரும். ஒனக்கு நான் செய்யிறது அநியாயந்தான். தெரிஞ்சுதான் செய்யிறேன்.”

அநியாயம்தான் என்று தானே ஒப்புக்கொள்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆரோக்கியசெல்விக்கு அதுதான் பெரிய ஆத்திரம். அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாள். அவன் நிறுத்தவில்லை. படகு கரை சேர்ந்ததும் அவளுடைய கூடையைத் தன் தலையில் சுமந்து வந்து, கொட்டகைக்கு வெளியே அவள் உட்காரும் இடத்தில் இறக்கி வைப்பான். ஊரே பார்க்க மெம்பர் மீன்தண்ணீர் வழிய வழிய வருவான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படியே அடுத்த தேர்தலும் வந்துவிட்டது.

இந்தத் தடவை எதிர்த்து நின்றவர் மரக் காண்டிராக்டர் கஸ்பார். வேறு வார்டுக்காரர், ஜங்லிகாட் ஆட்களை அவ்வளவாகத் தெரியாது. தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் மார்க்கெட் வாசலில் பெட்டி மேல் ஏறி நின்று முழங்கினார்.

“சோச்கே பாருங்க பாயிமாரே, நல்லா யோசிச்சுப் பாருங்க! இந்த மேடையெல்லாம் யாருக்குக் கெடச்சுது? மெம்பரோட ரிஷ்தேதாருக்குத்தான? அவன் சொந்தக்காரன் காயுறான், நீங்க நனையுறீங்க!”

கூட்டம் முணுமுணுத்தது. இருக்கும், இருக்கும் என்று மீன் வாங்க வந்தவர்களில் நாலைந்து தலைகள் ஆடின. சேற்றில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியசெல்வி கத்தியும் கையுமாக எழுந்தாள்.

“ஏ காண்டிராக்டர் சாப்! மெம்பருக்கு இந்தத் தீவுல ரிஷ்தேதார்னா நான் ஒருத்திதான். கூடப்பொறந்தவ. நான் எங்க உக்காந்திருக்கேன்னு கண்ணத் தொறந்து பாரும்!”

எல்லாரும் பார்த்தார்கள். அவள் தலைச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒருவன் குபீரென்று சிரித்தான்; பிறகு கூட்டமே சிரித்தது. கஸ்பார் பெட்டியை விட்டு இறங்கினார்.

அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக அண்ணனைத் திட்டித் தீர்த்த மனசு, இப்படிப்பட்டவனோடு பிறந்தோமே என்று பெருமையில் விம்மியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். சீட்டில் மேடை கிடைத்த அமுதம் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“யக்கா, மழ வலுக்குது. எம் மேடையில பாதியில வந்து உக்காரு.”

“எலக்சன் முடியட்டும்டீ, வாறேன். எங்கண்ணனுக்கு ஓட்டுக் கேக்க இந்தச் சேத்த விட்டா வேற ஆளு இல்ல.”