பாதியைத் தாண்டிய முள்

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதை நான் முக்கால் மணி நேரம்தான் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரமும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் ஊரான தோணிரேவில், பழைய படகு அடியில் வெடித்துப் போய், ஒட்டுப் போட்ட இடத்திலேயே மறுபடி ஒட்டுப் போட்டு, கடைசியில் நைனாவே, என் அப்பாவே, அதைக் கைவிட்டுவிட்டார். புதுசாக ஒரு பைபர் படகு செய்யச் சொல்லி, ஆரம்பாக்கத்துப் பக்கம் ஹைவே ஓரமாக இருந்த பட்டறையில் சொல்லி வைத்திருந்தார். சித்திரை முடிகிற சமயத்தில் படகு தயாராகிவிட்டது. ஏரி வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பார்த்தால், அந்தக் கோடையில் அந்தப் பக்கத்து ஏரி கணுக்கால் அளவு சேறாகக் கிடந்தது. ரோட்டு வழியாகத்தான் வர வேண்டும். வருகிறேன் என்று சொன்ன லாரிக்காரர் இரண்டு முறை வரவில்லை. பட்டறைக்காரரிடம் படகு ஏற்றும் டிரெய்லர் இருந்தது. அதை இழுக்கத்தான் வண்டி இல்லை.

அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, நைனாவிடம் கேட்காமலே தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

மாமாவும் நைனாவும் பேசி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் மாமா எங்கள் படகில்தான் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் வலை நிறைய மீன். நைனாவுக்கு மீனைக் கண்டால் போதும் என்ற சொல் வராது. இன்னும் ஒரு வலை, இன்னும் ஒரு வலை என்று ஏற்றிக்கொண்டே போனார். முகத்துவாரத்தில் நுழையும்போது அலை படகின் விளிம்பைத் தொட்டது. பாரம் ஜாஸ்தி, கொட்டிடலாம் என்றார் மாமா. நைனா காதில் வாங்கவில்லை. மாமா இரண்டு கூடை மீனைத் தானே தூக்கிக் கடலில் கவிழ்த்தார். படகு கரைக்கு வந்தது. ஆனால் கூட வந்தவர்கள் கரையில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். பாரம் ஜாஸ்தி என்று சொன்ன வாயோடு இனி எனக்குப் பேச்சில்லை என்று நைனா சொல்லிவிட்டார். மாமா சென்னைக்குப் போய் ஒரு பெரிய வீட்டில் டிரைவராகச் சேர்ந்தார்.

அந்த வீட்டு முதலாளிக்கு ஒரு விளையாட்டுப் படகு உண்டு. அதை இழுப்பதற்காக அவருடைய பெரிய காருக்குப் பின்னால் கொக்கி மாட்டியிருந்தார்கள். மாமா கேட்டதும், ஒரு நாளைக்கு எடுத்துக்கொள், வண்டி போன மாதிரியே திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். மாமா இதை அம்மாவிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வண்டிக்கு ஏதாவது ஆனால் அவர் வேலை போய்விடும் என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

கறுப்பு நிறத்தில், எங்கள் வீட்டில் பாதி அளவு இருந்தது அந்தக் கார். காலையில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் போனது. நைனா மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார். நைனாவைப் பின்னால் தனியாக விட அம்மாவுக்கு மனசில்லை. அதனால் முன் ஸீட்டு எனக்கு வந்தது. மாமா நைனாவைக் கூப்பிட வேண்டுமென்றால் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். என் மாமாவுக்கு எப்படி இன்னொரு மாமா என்று எனக்குச் சின்ன வயதில் பெரிய குழப்பம். அன்றைக்கு அந்தக் குழப்பமே வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிடாமலே, எல்லாவற்றையும் அம்மா வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்கிறது என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுப் படகு வீட்டுக்கு வெறும் வயிற்றோடு வரக் கூடாது. எதையாவது சுமந்துகொண்டு வந்தால்தான் பிறகு கடலிலிருந்தும் சுமந்துகொண்டு வரும் என்பார்கள். ஒரு பிடி நெல், ஒரு தேங்காய், கொஞ்சம் உப்பு, அவ்வளவு போதும். நைனாவுக்கு எதுதான் போதும்? ஆரம்பாக்கத்தில் அவருக்கு நெல் பயிரிடும் சிநேகிதர் ஒருவர் இருந்தார். எங்களிடமிருந்து கருவாடு போகும், அவரிடமிருந்து நெல் வரும். அந்த வருடத்து எட்டு நெல் மூட்டைகளும் படகில் ஏறின. புது வலைகள் ஏறின. நங்கூரம், ஐஸ் பெட்டி, படகு எஞ்சின், பட்டறையில் மிச்சமிருந்த இரண்டு மரத்தடி, எல்லாம் ஏறின. படகு என்றால் சுமப்பதற்குத்தானே என்று நைனா சந்தோஷமாக ஏற்றிக்கொண்டே இருந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஊரில் பாரத்தைத் தண்ணீர் தாங்கும். ரோட்டில் அதை யார் தாங்குவது என்ற கேள்வி ஒரு மீனவனுக்கு எப்படித் தோன்றும்?

காரின் பின்பக்கம் தாழ்ந்து, முகம் வானத்தைப் பார்த்தது. மாமா வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். கொக்கியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பிறகு நேராக, முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார்.

"பாப்பா, எஞ்சினுக்குத் தண்ணி, கியருக்கு எண்ணெய். ரெண்டும் சூடாயி, முன்னாடி வந்து காத்துல ஆறணும். இழுக்கிற இழுப்புல ஆறலனா எண்ணெய் கருகிப்புடும், கியர் பூடும். தோ, சூடு காட்டுற இந்த முள்ளு இருக்குதில்ல, இது பாதியத் தாண்டிச்சுனா சொல்லு. சத்தமா சொல்லு. பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

தாண்டினால் என்ன செய்வோம் என்று கேட்டேன். ஏசியை நிறுத்திவிட்டு வண்டியை ஓரங்கட்டுவோம், அப்புறம் என்ன செய்வதென்று நைனா சொல்வார் என்றார்.

அவர் சொன்னதில் ஏசியை நிறுத்துவது மட்டும்தான் என் மனதில் நின்றது. அதுவரை ஏசி என்பது எனக்குப் பொன்னேரி நகைக்கடையின் கண்ணாடிக் கதவு திறந்து மூடும்போது வெளியே கசிகிற காற்று. அன்றைக்கு அது என் முகத்துக்கு நேராக, எனக்கென்றே வந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் அந்த ஓட்டைகளின் மேல் வைத்துக்கொண்டேன். வெளியே வேலிக்காத்தான் புதரெல்லாம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அந்தப் புதர்களைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

கொஞ்ச தூரம் முள் நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு மெதுவாக ஏறிப் பாதிக்கு வந்தது. பாதியில் நின்றது. நான் கொஞ்ச நேரம் புதர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பாதியைத் தாண்டி ஒரு நூல் போயிருந்தது. ஒரு நூல் தாண்டினால் அது தாண்டினதாகுமா என்று எனக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து வைத்து, ஆகாது என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, முள்ளு எப்டிக்கிது?" என்றார் மாமா.

பாதியில்தான் இருக்கிறது என்றேன்.

சற்று தூரம் போனதும் மறுபடி கேட்டார். இந்த முறை சத்தமாக, கண்ணாடி வழியாகப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார். அப்போது முள் பாதிக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் நின்றது. நான் அதே பதிலைச் சொன்னேன். மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையை எடுத்து, பேண்ட்டில் துடைத்து, மறுபடி பிடித்துக்கொண்டார். இவ்வளவு ஏசியிலும் இவருக்கு வியர்க்கிறதே என்று நினைத்தேன்.

கும்மிடிப்பூண்டி நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. நெரிசல் விட்டு ஒரு மேட்டில் ஏறும்போது கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. மாமாவுக்கு எதிரே மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெய் கருகும் வாடை உள்ளே வந்தது. மாமா எப்படியோ மேட்டைத் தாண்டி, ஒரு புங்கமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். விசிறி சுற்றட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டு, இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்தார். அனல் எங்கள் முகத்தில் அடித்தது.

படகு எஞ்சின் சூடானால் நைனாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், தண்ணீர். பக்கத்து டீக்கடைக்கு ஓடி ஒரு குடம் தண்ணீரோடு வந்து, எஞ்சின் மேல் ஊற்றப் போனார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்துவிடும் என்று சொன்னார். அம்மா வழியாகச் சொல்லவில்லை, நேராகச் சொன்னார். பிடித்த கையை இரண்டு பேரும் பார்த்தார்கள். மாமா மெதுவாக விட்டார்.

நைனா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முள்ளைப் பார்க்கச் சொன்னாரே, பார்த்தாயா என்று கேட்டார். இப்போதுதான் தாண்டியது என்றேன். மாமா என்னை ஒரு முறை பார்த்தார்.

"ஆமா, இப்பதான் தாண்டிச்சு," என்றார்.

நான் பிழைத்தேன் என்று இருந்தது. மாமா எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார் என்று கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தது.

நைனா படகைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், தாழ்ந்துபோயிருந்த காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாரம் ஜாஸ்தியாடா?" என்றார் நைனா.

"இல்ல மாமா. வெயில்தான் ஜாஸ்தி."

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார். யார் உதவியும் இல்லாமல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வலை, நங்கூரம், மரத்தடி, எல்லாம் டீக்கடை ஓரத்துக்கு வந்தன. நெல்காரச் சிநேகிதர் டிராக்டரில் பிறகு கொண்டுவந்து போடட்டும் என்று அம்மா சொன்னாள். கடைசியில் நைனா ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, ஒரு பிடி நெல் எடுத்து, துண்டில் முடிந்து, படகின் முன்மூக்கில் கட்டினார்.

எஞ்சின் ஆறின பிறகு என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, நைனா முன் ஸீட்டில் உட்கார்ந்தார். முள்ளை இனி நான் பார்க்கிறேன் என்றார். மாமா ஏசியை நிறுத்தினார். அதோடு விடாமல் ஒரு பொத்தானைத் திருப்பி, சூட்டுக் காற்றை உள்ளே திறந்துவிட்டார். அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அம்மா பயந்தாள். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் நாம் வாங்கிக்கொண்டால் அதற்குப் பாரம் குறையும் என்றார் மாமா. பாரம் என்ற சொல்லை அவர் அன்று வாய் தவறி ஒரு முறைதான் சொன்னார். நைனா கோபித்துக்கொள்ளவில்லை.

எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, சித்திரை வெயிலில், உள்ளே அடுப்பு எரிகிற காரில் நாங்கள் பழவேற்காடு வந்து சேர்ந்தோம். முகத்துவாரத்தில் கம்பு ஊன்றி ஆழம் சொல்வதுபோல நைனா வழி நெடுக முள்ளைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி, பாதிக்குக் கீழே, பாதி, கொஞ்சம் மேலே. ஒவ்வொரு முறையும் மாமா தலையாட்டி, அப்படியா மாமா என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வருடத்துப் பேச்சையும் அவர்கள் அந்த ஒரு முள்ளை வைத்தே பேசி முடித்துவிட்டார்கள்.

படகு தண்ணீரில் இறங்கியது. மாமா சாப்பிட்டுவிட்டு அன்றே சென்னைக்குத் திரும்பினார். இரண்டு மாதம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். இனி இங்கேதான், மாமா படகில்தான் தொழில் என்றார். புதுப் படகு வந்த நேரம், பிரிந்த குடும்பம் சேர்ந்தது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். மாமாவின் பெட்டியை நானே இழுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் அம்மா சொன்னாள். படகு வந்த ஒரு வாரத்துக்குள் அந்தக் காரின் கியர் முழுசாகப் போய்விட்டதாம். மாமா எதையும் மறைக்காமல் நடந்ததை முதலாளியிடம் சொன்னாராம். வண்டி போன மாதிரி திரும்பவில்லையே என்று மட்டும் சொல்லி அவர் மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். நைனாவுக்கு இது இன்றுவரை தெரியாது. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மாமா வண்டியை நிறுத்தியிருப்பாரே, என்னை நம்பி ஏமாந்தாரே என்று அழுதேன். அதுவும் பாதிதான் சரி என்று தெரிய இன்னும் சில வருடம் ஆனது.

போன வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் ஓட்டுகிறவர் ஸீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே அந்த முள் இருந்தது. பக்கத்து ஸீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும் முள், இங்கிருந்து பார்க்காமல் இருக்க முடியாது. சாவியைத் திருப்பு என்று கற்றுக்கொடுப்பவர் மூன்று முறை சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லை.

முள்ளைப் பார்க்க மாமாவுக்கு ஆள் தேவைப்படவே இல்லை. பாரம் ஜாஸ்தி என்று தான் இன்னொரு முறை சொல்லக் கூடாது என்று, வேலையே போனாலும் சொல்லக் கூடாது என்று, வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு வேறொரு வாய் வேண்டியிருந்தது. நைனா கோபித்துக்கொள்ளாத வாய். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அது பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து குளிர்காற்று வாங்கிக்கொண்டிருந்தது.