மாமனார் கொடுத்த வாட்ச்

முக்குளிப்புக் கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். பயிற்சியாளரின் மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் மேஜையில் ஒழுங்காக வேலை செய்தது, கடலுக்குள் போனதும் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று சொல்லும் சிக்னலை இழந்தது. பேட்டரியை மாற்றியும் பலனில்லை. கடைசியில் மெக்கானிக்கே பயிற்சியாளரோடு சேர்ந்து முக்குளித்துப் பார்த்தார். சிக்னல் அனுப்பும் கருவி இடது தோள் பக்கம் இருந்தது. கம்ப்யூட்டரோ வலது கையில். நடுவே உடம்பு மறித்தது.

படகில் ஏறியதும், "இடது கையில கட்டித் தொலைங்களேன்!" என்றார்.

"அதுல மாமனார் குடுத்த வாட்ச் இருக்கே," என்று பயிற்சியாளர் கிசுகிசுத்தார்.

"அதான் ஓடலையே?"

"தண்ணி புகுந்து நின்னு வருஷமாச்சு. ஆனா படகு அவரோடது."

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு கருவியை வலது பக்கம் மாற்றினார்.

படகின் முனையிலிருந்து மாமனார், "மணி என்ன மாப்ளே?" என்றார்.

மருமகன் வலது கைக் கம்ப்யூட்டரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இடது கையை உயர்த்தி, "பத்தேகால் மாமா," என்றார்.